விண்கலம் திரும்பும் வேளை

2025ம் வருஷம் ஜூலை மாதம் 15ந் தேதி, நமது கடிகாரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸான் டியாகோ நகருக்கு அப்பாலுள்ள பஸிபிக் சமுத்திரத்தில் நான்கு பேர் அடங்கிய கூடு ஒன்று பாரசூட்டுகளில் தொங்கியவாறு வந்திறங்கியது. அந்த நால்வரில் ஒருவர் நமது விமானப் படையைச் சேர்ந்த குரூப் காப்டன் சுபான்ஷு சுக்லா. 1984ம் வருஷம் ஏப்ரல் 11ந் தேதி ராகேஷ் சர்மா கஸக்ஸ்தான் சமவெளியில் வந்திறங்கிய பின்பு, பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பிய இந்தியப் பிரஜை அவரே. இடையில் நாற்பத்தொரு வருஷங்கள் கழிந்துவிட்டன.

அன்று பிற்பகல் நமது காரியாலயத்தில் வேலை நின்று போயிற்று என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். உதவி ஆசிரியர்களும் அச்சுக்கூடத்தாரும் ஒரு திரையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அங்கே அகால வேளையாதலால் திரையில் இருளே அதிகம். கலத்துக்கும் தரைக்கும் நடந்துகொண்டிருந்த பேச்சு திடீரென்று நின்றது. பல வருஷங்களாக நம்மிடம் பிழை திருத்தும் பெரியவர் ஒருவர், "பேச்சு நின்றுவிட்டதே, ஏன்?" என்று கேட்டார். "எதிர்பார்த்ததுதான், ஐயா. சில நிமிஷங்கள் ரேடியோ எட்டாது என்று முன்னமே சொல்லியிருக்கிறார்கள்" என்றார் ஓர் இளைஞர். "முன்னமே சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் சரி" என்று பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சில நிமிஷங்களில் பேச்சு மீண்டும் கேட்டது. பிறகு பாரசூட்டுகள் விரிந்தன. மற்றவர்கள் கைகொட்டினார்கள். நாம் மட்டும் பெரியவர் சொன்னதையே எண்ணிக்கொண்டிருந்தோம். இன்று நாம் எழுதப் புகும் விஷயம் அதுதான்.

விண்கலம் மேலேறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். புகையும் நெருப்பும் முழக்கமும் அதற்கு உண்டு. மந்திரிகள் வாழ்த்துச் செய்தி அனுப்புவதும், பத்திரிகைகள் எட்டுப் பத்தித் தலைப்புப் போடுவதும் அன்றைக்குத்தான். (நமது பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல.) ஆனால் இறங்குவது ஏறுவதற்குச் சற்றும் குறையாத ஆபத்து நிறைந்தது. மேலேறும்போது ஏதேனும் கோளாறு தென்பட்டால் கடைசி விநாடியிலும் நிறுத்தலாம். 2023ம் வருஷம் அக்டோபர் 21ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் நமது ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட்டைக் கணக்கு யந்திரமே ஐந்து விநாடி மிச்சமிருக்கையில் நிறுத்திவிட்டதையும், காரணத்தைக் கண்டறிந்து அன்று காலை பத்து மணிக்கே அதை மீண்டும் ஏவியதையும் தேசம் முழுவதும் பார்த்தது. இறங்கும்போது இந்தச் சௌகரியம் கிடையாது.

பூமியைச் சுற்றும் கலம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திரும்ப வேண்டிய சமயத்தில் அதன் என்ஜின்களைப் பிரயாண திசைக்கு எதிராகச் சில நிமிஷங்கள் மூட்டுகிறார்கள். இதனால் குறையும் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அந்த அற்பக் குறைவே கலத்தின் பாதையை வளைத்துக் காற்று மண்டலத்துக்குள் தள்ளப் போதுமானது. பாக்கி வேகம் அனைத்தையும் காற்றே விழுங்கவேண்டும். காற்று அவ்வாறு விழுங்குகையில் எழும் உஷ்ணம் 1,600 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. அதைத் தாங்குவது கலத்தின் அடியிலுள்ள கவசம் ஒன்றே. கலத்தைச் சூழ்ந்த காற்று அக்கினிமயமாகி மின்சாரம் ஏறி நிற்பதால் ரேடியோ அலைகள் அதை ஊடுருவ முடிவதில்லை. அன்று நமது பெரியவரைத் திடுக்கிடச் செய்த மௌனம் இதுதான். என்ஜினை மூட்டியபின் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே, "இப்பொழுது இறங்கலாமா?" என்ற கேள்விக்கு அதற்கு முன் அதிகாரிகள் அளிக்கும் விடையே உள்ளே இருப்பவர்களின் ஆயுளை நிர்ணயிக்கிறது. அந்த விடை எந்த ஆதாரத்தின் மேல் அளிக்கப்பட்டது என்பதைப் பின்னர் பரிசோதிக்க ஜனங்களுக்கு உரிமை உண்டு என்பதே நமது கட்சி.

1971ம் வருஷம் ஜூன் 30ந் தேதி நடந்ததை எடுத்துக்கொள்வோம். டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பாட்ஸாயேவ் என்ற மூன்று ரஷ்யர்கள், உலகத்தின் முதல் விண்வெளி நிலையமான ஸால்யூட்டில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிவிட்டு ஸோயுஸ் 11 கலத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சோவியத் ஜனங்கள் அவர்களை டெலிவிஷனில் அடிக்கடி பார்த்துச் சொந்த மனிதர்களைப் போலவே எண்ணியிருந்தார்கள். பாட்ஸாயேவ் தமது முப்பத்தெட்டாவது பிறந்த நாளை அங்கேதான் கொண்டாடினார். கூடு மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்தது, பாரசூட் விரிந்தது, குறித்தபடி மெதுவாகத் தரையில் இறங்கியது. மேலிருந்து மட்டும் ஒரு பேச்சும் வரவில்லை. மீட்கச் சென்றவர்கள் கதவைத் திறந்தபோது மூவரும் ஆசனங்களில் உயிரின்றி இருந்தார்கள். 168 கிலோமீட்டர் உயரத்தில் கூடு பிரிந்த அதிர்ச்சியில் சிறு வால்வு ஒன்று திறந்துகொண்டு உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. அழுத்தம் காக்கும் உடையை அவர்கள் அணிந்திருக்கவில்லை. அந்த உடையுடன் மூவர் உட்கார உள்ளே இடம் இல்லை.

மரணச் செய்தியைச் சோவியத் சர்க்கார் மறைக்கவில்லை. காற்றழுத்தம் குறைந்து மாண்டார்கள் என்ற அளவுக்குச் சில நாட்களில் ஓர் அறிக்கையும் வந்தது. ஆனால் எந்த வால்வு, ஏன் திறந்தது, உடையின்றி அனுப்பலாமென்று தீர்மானித்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்நாட்டுப் பிரஜைகளுக்கு விடை கிடைக்கவில்லை. வால்வைப் பற்றிய விவரம் இரண்டு வருஷம் கழித்து, 1973ல்தான் வெளிநாட்டாருக்குத் தெரிந்தது. அதுவும் அமெரிக்கருடன் கூட்டுப் பிரயாணம் ஒன்று ஏற்பாடாகிக்கொண்டிருந்ததால், அமெரிக்க விஞ்ஞானிகளிடம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அந்நியன் அறிந்த உண்மையைச் சொந்தப் பிரஜை அறியக்கூடாது என்பது எந்த ராஜதர்மத்தில் சேர்ந்தது என்று நமக்கு விளங்கவில்லை. அதன் பின்னர் ஸோயுஸ் கலத்தில் மூவருக்குப் பதில் இருவரே சென்றார்கள், உடையும் அணிந்தார்கள் என்பதைக் குறிப்பிடுவது நியாயம். படிப்பினை வீண் போகவில்லை. நாம் குறை கூறுவது, அதை மூடிய அறைக்குள் படித்ததையே.

இனி 2003ம் வருஷத்துக்கு வருவோம். பிப்ரவரி முதல் தேதி நமக்கு மாலை வேளை. கர்னாலில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான கல்பனா சாவ்லாவும் மற்ற அறுவரும் கொலம்பியா என்ற ஓடத்தில் புளோரிடாவுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கர்னாலில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொண்டாட்டத்துக்குக் கூடியிருந்தார்கள். இறங்குவதற்குப் பதினாறு நிமிஷங்களே பாக்கி. இடது இறக்கையிலிருந்து வரவேண்டிய அளவைகள் ஒவ்வொன்றாக நின்றன. தலைவர் ரிக் ஹஸ்பண்ட் பதில் சொல்ல வாயெடுத்தார். வாக்கியம் முடியுமுன் ஒலி அறுந்தது. ஓடங்களில் சிறிது நேரம் ரேடியோ தொடர்பு விட்டுப்போவது சகஜமாதலால், தரையிலிருந்தவர்கள் மீண்டும் மீண்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நாம் நேயர்களைச் சற்று நிறுத்திக் கேட்டுக்கொள்ளும் விஷயம் ஒன்றுண்டு. ஹூஸ்டன் நகரில் உலகத்திலேயே சிறந்த கருவிகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிபுணர்களுக்கு, ஓடம் சிதறிவிட்டது என்ற செய்தி அக்கருவிகளின் மூலம் கிடைக்கவில்லை. டெக்ஸாஸ் ஆகாயத்தில் பல துண்டுகளாக ஒளி பிரிந்து செல்வதை டெலிவிஷன் காட்டுகிறது என்று டெலிபோனில் ஒருவர் சொல்லித்தான் தெரியவந்தது. அத்துடன் நிற்கவில்லை. விடியற்காலையில் போர்வையைப் போர்த்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, வேடிக்கைக்காகச் சிறு காமிராவில் படம் பிடித்த சாதாரண ஜனங்கள் கலிபோர்னியாவிலிருந்து டெக்ஸாஸ் வரையில் இருந்தார்கள். அப்படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கலிபோர்னியாவின் மேல் பறக்கும்போதே ஓடத்திலிருந்து துண்டுகள் விழத் தொடங்கிவிட்டன என்பது வெளிப்பட்டது. விசாரணைச் சபையார் சம்பவங்களின் காலக்கிரமத்தை நிர்ணயிக்க இவை பெரிதும் துணைபுரிந்தன. உடைந்த துண்டுகளைத் தேடுவதற்கும் ஆயிரக்கணக்கான பேர் வயல்களிலும் காடுகளிலும் தோளோடு தோள் சேர்த்து நடந்தார்கள். அந்தத் தேடலில் ஹெலிகாப்டர் விழுந்து இருவர் இறந்தார்கள்.

விண்கலம் திரும்புவதைத் தொடர்ந்து பார்க்கும் பொதுஜனங்களை வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று கருதும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. வாசலில் நின்ற அந்த மனிதர்கள் சாக்ஷிகள்.

கொலம்பியா விபத்தின் காரணம் இன்று யாவரும் அறிந்ததே. ஜனவரி 16ந் தேதி கிளம்பிய எண்பத்திரண்டாவது விநாடியில், வெளித்தொட்டியின் மேலிருந்த நுரைத் தகடு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதிற்று. மோதியது மறுநாளே தெரிந்துவிட்டது. கீழ்நிலை என்ஜினீயர்கள், ஓடத்தை விண்வெளியிலேயே படம் பிடித்துப் பார்க்கவேண்டுமென்று மூன்று முறை முயன்றார்கள், மேலிடம் இணங்கவில்லை. திரும்புவதற்குக் கவலையே இல்லையென்று பிரயாணிகளுக்குக் கடிதமும் போயிற்று. இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அட்மிரல் கெஹ்மன் தலைமையில் அமைந்த சபை ஏழு மாதங்களுக்குள், 2003 ஆகஸ்டு 26ந் தேதி, தன் அறிக்கையை யாவரும் படிக்கும்படி வெளியிட்டதால் தெரியும். நுரைத் தகட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு ஸ்தாபனத்தின் மனப்பான்மைக்கும் உண்டு என்று அச்சபை தீர்ப்புக் கூறிற்று. அமெரிக்க சர்க்காரின் நடத்தையைப் புகழ்வது நமது வழக்கமல்ல. அவர்களுடைய நாஸா ஸ்தாபனம் அந்த ஏழு பேர் விஷயத்தில் செய்தது மன்னிக்கத்தக்கதும் அல்ல. ஆனால் தன் குற்றத்தைத் தானே அச்சிட்டு விற்கும் துணிவு எல்லா சர்க்கார்களுக்கும் வாய்ப்பதில்லை.

அந்த அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை. 2024ம் வருஷம் ஜூன் மாதம் ஸ்டார்லைனர் என்ற புதிய கலத்தில் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் எட்டு நாட்களில் திரும்புவதாக ஏற்பாடு. என்ஜின்களில் கோளாறும் ஹீலியம் கசிவும் கண்டபோது, இறங்கலாமா கூடாதா என்ற வாதம் வாரக் கணக்கில் பகிரங்கமாக நடந்தது. ஆகஸ்டு 24ந் தேதி, கலம் ஆளின்றியே திரும்பட்டும் என்று தீர்மானித்த நாஸா தலைவர் பில் நெல்சன், கொலம்பியாவை நினைவூட்டியே அதை அறிவித்தார். கலம் செப்டம்பரில் வெறுமையாக வந்திறங்கிற்று. வந்திறங்கியதில் பழுதில்லையே, அதிலேயே வந்திருக்கலாமே என்று சிலர் பின்னர் பரிகசித்தார்கள். தர்க்கம் அறியாதவர்கள் வாதம் அது. இருவரும் 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச்சில் வேறொரு கலத்தில் சுகமாகத் திரும்பினார்கள். சீனர்களும் இவ்விஷயத்தில் பழைய சோவியத் வழியை முழுவதும் பின்பற்றவில்லை. 2025 நவம்பர் 5ந் தேதி திரும்பவேண்டிய மூவரின் கலத்தில் ஏதோ மோதியிருக்கலாமென்று சந்தேகம் எழுந்தவுடன் பிரயாணத்தை ஒத்தி வைத்ததை அன்றே அறிவித்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் சிறு விரிசல்கள் கண்டதையும் சொன்னார்கள். மூவரும் 14ந் தேதி மற்றொரு கலத்தில் இறங்கினார்கள்.

நம் தேசத்துக்கு வருவோம். சொந்த ராக்கெட்டில் சொந்தக் கலத்தில் இந்தியரை அனுப்பி, 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டு, நமது கடலிலேயே இறக்குவது ககன்யான் திட்டம். 2018ம் வருஷம் சுதந்தர தினத்தன்று பிரதம மந்திரி அதை அறிவித்தார். இறக்குவதற்கான ஒத்திகைகள் அதற்கும் முன்னமே தொடங்கிவிட்டன. 2007 ஜனவரியில் பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றிய ஒரு சிறு கலத்தை வங்காள விரிகுடாவில் இறக்கி மீட்டார்கள். 2014 டிசம்பர் 18ந் தேதி, மனிதர் செல்லக்கூடிய அளவுள்ள கூடு ஒன்று 126 கிலோமீட்டர் உயரம் சென்று அந்தமான் தீவுகளுக்கருகில் இறங்கிற்று. அதைக் கடலோரக் காவல் படையினர் கொணர்ந்து சேர்த்தது நமது எண்ணூர்த் துறைமுகத்தில்தான். இவற்றைச் செய்த விஞ்ஞானிகளின் திறமையில் நமக்குச் சந்தேகம் கடுகளவும் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது.

2019ம் வருஷம் செப்டம்பர் 7ந் தேதி அதிகாலையில் சந்திரயான் இரண்டின் இறங்கு கலம் சந்திரனில் மோதி அழிந்தது. அன்றிரவு கோடிக்கணக்கான ஜனங்கள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கண்ணீர் விட்டார், பிரதம மந்திரி தட்டிக் கொடுத்தார், தேசமும் உருகிற்று. பின்னர் வாரக் கணக்கில் நமக்குக் கிடைத்ததெல்லாம், கலம் இருக்குமிடம் தெரிகிறது, தொடர்பு கொள்ள முயல்கிறோம் என்ற வார்த்தைகளே. நவம்பரில் பார்லிமெண்டில் ஒரு கேள்விக்குச் சில வரிகளில் பதில் வந்தது. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துதல் கொடுத்ததையும், கணக்குப் பிசகியதையும் அப்போதைய தலைவர் சோமநாத் விவரித்துப் பேசியது 2023ல், அடுத்த கலம் புறப்படும் தறுவாயில். அவர் ஒளிவு மறைவின்றிப் பேசியதை நாம் மெச்சுகிறோம். ஆயினும் நான்கு வருஷம் அதிகம். அந்தக் கலத்தில் மனிதர் எவரும் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஜனங்கள் பொறுத்தார்கள்.

தேசத்தின் கௌரவம் என்று ஒரு சமாதானம் கூறப்படும். பகைவர் நகைப்பார்கள், இளைஞர் மனம் தளர்வார்கள் என்பார்கள். ராணுவ ரகசியம் என்பது அடுத்த சமாதானம். ராணுவ ரகசியம் எதுவோ அதை நீக்கிவிட்டு மிச்சத்தை வெளியிடுவதில் யாருக்கும் ஆக்ஷேபம் இருக்க முடியாது. கௌரவத்தைப் பற்றி நாம் வக்கீல் முறையில் ஒன்று சொல்லுவோம். நமது சாக்ஷியச் சட்டத்தில் 1872 முதல் ஒரு விதி உண்டு. 2024ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஒருவன் தன்னிடமுள்ள தஸ்தாவேஜைக் கோர்ட்டில் காட்ட மறுத்தால், அது அவனுக்குப் பாதகமானது என்று நியாயாதிபதி ஊகித்துக்கொள்ளலாம். ஜனங்களும் அவ்வாறே ஊகிப்பார்கள். உண்மை பத்துப் பங்கு என்றால் வதந்தி நூறு பங்காக ஊர் சுற்றும்.

மரித்தவர்களின் கடைசி நிமிஷங்களையும் அவர்கள் குடும்பத்தாரின் துயரத்தையும் சந்தியில் இழுக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கொலம்பியாவில் சென்றவர்களின் முடிவைப் பற்றி 2008ல் நாஸா தனியாக வெளியிட்ட அறிக்கையில், யாருக்கு என்ன நேர்ந்தது என்று பெயர் குறிக்காமல், ஆசனத்தையும் வாரையும் தலைக்கவசத்தையும் எவ்விதம் சீர்திருத்தவேண்டும் என்பதை மட்டும் விஸ்தாரமாக எழுதினார்கள். அந்த அடக்கம் போற்றத்தக்கது. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் அதைக் கற்றுக்கொள்ளவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகம் அல்ல. ககன்யானில் முதல் இந்தியர் ஏறுமுன், இறங்கும் நாளின் கிரமம் முழுவதும் அச்சிட்டு வெளியிடப்படவேண்டும். என்ஜின் எப்போது மூட்டப்படும், எத்தனை நிமிஷம் பேச்சு வராது, எந்த உயரத்தில் எந்தப் பாரசூட் விரியவேண்டும், ஒன்று விரியாவிட்டால் மற்றவை தாங்குமா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் அல்ல. தமிழிலும் தெலுங்கிலும் வங்காளியிலும் வேண்டும். கலம் இறங்குவது எந்தக் கடலிலோ அந்தக் கடலோரத்து மீனவனுக்கும் அது புரியவேண்டும். கடலில் மிதக்கும் கூட்டை முதலில் காண்பவன் அவனாகவும் இருக்கலாம். ஒலிபரப்பைச் சில நிமிஷம் தாமதித்து, நல்லதை மட்டும் காட்டும் தந்திரம் கூடாது.

விபத்து நேருமானால் விசாரிப்பவர்கள் யார் என்பதும் இப்பொழுதே சட்டத்தின் மூலம் தீர்மானிக்கப்படவேண்டும். கலத்தைக் கட்டிய ஸ்தாபனமே தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது. ஆகாய விமான விபத்துக்கு முப்பது நாளில் முதல் அறிக்கை என்று சர்வதேச ஏற்பாடு இருக்கிறது. 2025 ஜூன் 12ந் தேதி ஆமதாபாத்தில் நடந்த கோர விபத்துக்கு ஒரு மாதத்தில் அவ்வறிக்கை வெளிவந்ததை நாம் கண்டோம். அதில் குறைகள் இருந்தன, சர்ச்சைகள் கிளம்பின. ஆனாலும் வெளிவந்தது. விண்கலத்துக்கும் அதே போல் ஒரு தவணை குறிக்கவேண்டும். முழு அறிக்கையும் ஒரு வருஷத்துக்குள் பார்லிமெண்டின் மேஜை மேல் வைக்கப்படவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தில் இதைக் கேள்வியாகக் கேட்பாரா என்று அறிய விரும்புகிறோம். திருநெல்வேலி ஜில்லாவில் மகேந்திரகிரியில் இத்திட்டத்தின் என்ஜின்கள் சோதிக்கப்படுகின்றன; மீட்ட கூடு எண்ணூரில் இறங்கியிருக்கிறது. கேட்கும் பாத்தியதை அவர்களுக்கு உண்டு. கேள்வியைச் சட்ட முறைப்படி எழுதித் தர நாம் தயாராக இருக்கிறோம்.